பேரனின் கொப்பியில் இருந்த ஒரு சொல்

வெள்ளவத்தையில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது ஒரு வழக்கில் நான் நடுவராக அமர நேர்ந்தது. எதிரி என் பேரன், வயது பதின்மூன்று. முறைப்பாட்டாளர் அவனுடைய தந்தை, அதாவது என் மருமகன். சான்றுப்பொருள் ஒரு தடித்த கொப்பி.

பேரன் பாடசாலையின் ஸ்கிரபிள் அணியில் இருக்கிறான். ஆங்கில எழுத்துக்கள் பொறித்த சிறு சதுரக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொற்களை உருவாக்கும் அந்த விளையாட்டை வாசகர்கள் அறிவார்கள். கொப்பி முழுவதும் ஆங்கிலச் சொற்கள். அகர வரிசையிலோ பொருள் வரிசையிலோ அவை எழுதப்படவில்லை. ஒரே எழுத்துத் தொடர் எந்தெந்தச் சொற்களின் வயிற்றிலோ வாலிலோ வருகிறதோ அவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் சேர்த்திருந்தான். ஒரு சொல்லுக்கேனும் பொருள் எழுதப்பட்டிருக்கவில்லை.

மருமகன் கொப்பியைத் திறந்து ஐந்து சொற்களைத் தொட்டுக் காட்டி, பொருள் கேட்டார். பேரன் ஒன்றுக்கும் விடை சொல்லவில்லை. "பார்த்தீங்களோ மாமா, இரவு பகலாய் இதைத்தான் பாடமாக்குறான். அர்த்தம் தெரியாமல் என்ன இங்கிலீஷ்? நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லை விற்றுப் பிழைத்தவன் நான். என்னைக் கேட்டால் வேறு என்ன சொல்வேன்? பொருள் தெரியாத சொல் சொல்லே அன்று, வெறும் ஓசை என்று தீர்ப்பு வழங்கினேன். தொல்காப்பியத்தையும் துணைக்கு இழுத்தேன். எல்லாச் சொல்லும் பொருள் குறித்தது என்று அது சொல்வதை எடுத்துரைத்தேன். பேரன் எதுவும் பேசவில்லை. கொப்பியை எடுத்துச் சென்று அலுமாரியில் வைத்தான். அடுத்த மூன்று வாரங்களும் அவன் அதைத் தொடவில்லை என்றும், பயிற்சிக்கும் போகவில்லை என்றும் மகள் தொலைபேசியில் சொன்னாள். மருமகனுக்கு நிம்மதி. எனக்கு ஏனோ இல்லை.

அடுத்த முறை சென்றபோது, அவன் பாடசாலையில் இருந்த நேரத்தில், அந்தக் கொப்பியை எடுத்து ஆறுதலாகப் புரட்டினேன். தீர்ப்பு வழங்குமுன் செய்திருக்க வேண்டிய வேலை அது.

முதற் பக்கத்தில் எஸ், ஏ, ரி, ஐ, என், ஈ என்ற ஆறு எழுத்துக்கள். அவற்றுக்குக் கீழே, ஏழாவதாக எந்த எழுத்து வந்து சேர்ந்தால் என்னென்ன சொற்கள் பிறக்கும் என்ற அட்டவணை. டி சேர்ந்தால் 'இன்ஸ்ரெட்', 'டிரெயின்ஸ்', 'ஸ்ரெயின்ட்'. ஜி சேர்ந்தால் 'சீற்றிங்', 'ரீசிங்'. எல் சேர்ந்தால் 'சேலியன்ற்', 'என்ரெயில்ஸ்'. எம் சேர்ந்தால் 'இன்மேற்ஸ்'. ஆர் சேர்ந்தாலோ ஒரு கூட்டமே வருகிறது. கையில் உள்ள ஏழு கட்டைகளையும் ஒரே தடவையில் வைத்துவிட்டால் மேலதிகமாக 50 புள்ளிகள் கிடைக்கும். வெவ்வேறான ஏழு எழுத்துக்களை 5040 விதமாக அடுக்கலாம். அவற்றுள் எது சொல், எது சொல்லன்று என்பதைச் சில விநாடிகளில் கண்டுகொள்ள வேண்டும். அந்த அட்டவணை எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்னொரு பக்கத்தின் தலைப்பில் ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கெழுத்துத் தொடர். கீழே அதைத் தாங்கிய நீண்ட சொற்கள். 'பிரேக்துரூ' என்ற சொல்லுக்கும் 'தரோஃபெயார்' என்ற சொல்லுக்கும் சரியாகப் பன்னிரண்டு எழுத்துக்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தான். ஆங்கிலம் கற்ற எவரையும் அழவைத்த தொடர் இது. 'தோ' என்ற சொல்லில் இது ஓகாரம்; 'துரூ' என்பதில் ஊகாரம்; 'கொஃப்', 'ரஃப்' ஆகியவற்றில் திடீரென்று ஆய்தம் போல ஒரு காற்று; விக்கலைக் குறிக்கும் 'ஹிக்கப்' என்ற சொல்லை இப்படியும் எழுதுவார்கள், அங்கே பகர ஒற்று. ஒரு காலத்தில் அந்த ஜியும் எச்சும் தொண்டையில் உராய்ந்து பிறந்த ஓர் ஒலியைக் குறித்தன. வில்லியம் கக்ஸ்ரன் 1476 இல் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்துவிட்டது. நாக்கு தன் பாட்டுக்கு மாறிக்கொண்டே போனது. எங்களுடைய ககரமும் 'அகம்' என்பதில் ஒரு விதமாகவும் 'பக்கம்' என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. ஆனால் அதற்கு இடம் சார்ந்த விதி உண்டு. ஆங்கிலத்தில் விதி இறந்துபோய் எழுத்து மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆகவே ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டல் அந்தச் சொல்லின் ஒலியிலிருந்து தனியே பிரிந்து நிற்கும் ஒரு பொருள். அதைத் தனியே கற்பவனைக் குறை கூறுவதற்கில்லை.

மற்றொரு பக்கம் வெறும் வேடிக்கைக்கானது. அகரவரிசையில் அடுத்தடுத்து வரும் நான்கு எழுத்துக்கள் அதே ஒழுங்கில் உள்ளே ஒளிந்திருக்கும் சொற்கள். 'அன்டர்ஸ்ரடி' என்ற சொல்லின் நடுவே ஆர், எஸ், ரி, யூ வரிசையாக நிற்கின்றன. 'ஓவர்ஸ்ரஃப்' என்பதிலும் அப்படியே. 'லிம்னோஃபைல்' என்பதில் எம், என், ஓ, பி. கணக்காளரைக் குறிக்கும் 'புக்கீப்பர்' என்ற சொல்லில் மூன்று சோடி இரட்டை எழுத்துக்கள் இடைவெளி இன்றித் தொடர்கின்றன. இத்தகைய விந்தைகளுக்கென்றே அமெரிக்காவில் டிமித்ரி போர்க்மன் என்பவர் 1965 இல் ஒரு நூல் எழுதினார். அவரை முதல் ஆசிரியராகக் கொண்டு 1968 இல் தொடங்கிய 'வேர்ட் வேய்ஸ்' என்ற காலாண்டிதழ் 2020 வரை வெளிவந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓர் இதழ் நடத்தப் போதுமான பொருள் இந்த வெற்று எழுத்துக்களில் இருந்திருக்கிறது.

அந்த மூன்று சோடியைக் கண்டதும் எனக்கு ஒருவர் நினைவு வந்தது. நான் தொழில் பழகிய காலத்தில் எங்கள் அச்சுக்கூடத்தில் இருந்த மூத்த அச்சுக்கோப்பாளர் அவர். தமிழ் சரளமாக வாசிப்பார். ஆங்கிலம் அறவே தெரியாது. ஆயினும் கலியாண அழைப்பிதழ்களும் சங்கங்களின் ஆண்டறிக்கைகளும் ஆங்கிலத்தில் வந்தால் அவரிடந்தான் போகும். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக, ஒரு பிழையும் இன்றிக் கோத்துவிடுவார். ஒரு நாள் நான் எழுதிக் கொடுத்த ஆங்கில அறிவித்தல் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். 'கொமிற்றி' என்ற சொல்லில் ஒரு எழுத்தை நான் விட்டிருந்தேன்.

"மூண்டு சோடி வரவேணும் தம்பி. ஒண்டு குறையுது."

"ஐயா, உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமோ?"

"நான் வாசிக்கிறேல்லை, பாக்கிறன்."

ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த என்னைத் திருத்தியவர் அவர். அவருடைய எழுத்துப் பெட்டியில் ஈ என்ற எழுத்துக்குரிய அறைதான் எல்லாவற்றிலும் பெரியது. எந்த எழுத்து அடிக்கடி தேவைப்படும், எது எப்போதாவது தேவைப்படும் என்பதை அந்த மரப்பெட்டியே சொல்லிவிடும்.

இந்த விளையாட்டும் அந்தக் கணக்கில் பிறந்ததுதான். 1930 களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்திருந்த அல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர், நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் முன்பக்கத்தை எடுத்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அந்த எண்ணிக்கையைக் கொண்டு கட்டைகளைப் பங்கிட்டார். மொத்தம் 100 கட்டைகளில் ஈ மட்டும் 12. புள்ளி ஒன்றே ஒன்று. கியூவும் இசட்டும் ஒவ்வொன்று, புள்ளி பத்து. எஸ் உண்மையில் மலிவான எழுத்து. ஆனால் யாரும் எளிதாகப் பன்மை ஆக்கிப் புள்ளி குவித்துவிடக் கூடாது என்று அதற்கு நான்கே கட்டைகள் வைத்தார். பல நிறுவனங்கள் திருப்பி அனுப்பிய அந்த விளையாட்டை ஜேம்ஸ் புறுனோ என்பவர் 1948 இல் ஸ்கிரபிள் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்.

பத்திரிகைக்காரர்களுக்கு இன்னொரு சான்றும் தெரியும். லைனோரைப் இயந்திரத்தின் விசைப்பலகை இதே கணக்கின்படி அமைந்தது. இடப்பக்கத்து முதல் இரு நிரல்களை மேலிருந்து கீழாக வாசித்தால் 'எற்றோயின் ஷ்ர்ட்லு' என்பது போல் ஒன்று வரும். வரி பிழைத்தால் இயக்குநர் விரலை அந்த நிரல்களில் ஓடவிட்டு வரியைக் கெடுத்துவிடுவார், பிறகு எடுத்தெறியலாம் என்று. சில வேளை எறிய மறந்து அந்த உளறல் அப்படியே அச்சாகிவிடும். நியூயோர்க் ரைம்ஸ் 1978 யூலையில் தன் கடைசி ஈய அச்சு இரவைப் படமாக்கியபோது அந்த உளறலுக்கே விடைகொடுப்பதாகப் படத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஒரு பொருளும் இல்லாத பன்னிரண்டு எழுத்துக்கள். ஆனால் ஆங்கில மொழியின் எலும்புக்கூடு அதற்குள் இருக்கிறது.

(தமிழில் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு: பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாடு. ஒரு கட்டத்தில் 'கி' வந்தால் குறுக்கே செல்லும் சொல்லிலும் 'கி'தான் வேண்டும். 'கீ' உதவாது, 'க்' உதவாது. 247 எழுத்துக்களுக்கும் கட்டை செய்தால் பை நிரம்பிவிடும். உயிரையும் மெய்யையும் பிரித்துச் செய்தால் பலகையில் இருப்பது தமிழாகவே தெரியாது.)

இனி அந்தத் தீர்ப்புக்கு வருகிறேன். பொருள் அறியாமல் இந்த விளையாட்டை ஆடலாமா என்ற கேள்விக்கு நியூசிலாந்தில் பிறந்த நைஜல் றிச்சட்ஸ் என்ற ஒருவரே போதுமான விடை. ஆங்கிலத்தில் பல தடவை உலக வெற்றியாளரான அவர், 2015 இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழிப் போட்டியில் வெற்றிபெற்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது. ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனனம் செய்திருந்தார். 2024 இல் ஸ்பெயினின் கிரனாடாவில் நடந்த ஸ்பானிய மொழிப் போட்டியிலும் வென்றார். அந்த மொழியும் அவர் பேசுவதில்லை. தாய்லாந்து வீரர்கள் 2003 இலும் 2009 இலும் ஆங்கில உலகப் பட்டத்தை வென்றிருக்கிறார்கள்; ஆங்கிலம் வீட்டிலும் வீதியிலும் பேசப்படாத நாடு அது. கனடாவின் கல்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட ஆய்வொன்று, தேர்ந்த ஸ்கிரபிள் வீரர்கள் ஓர் எழுத்துத்தொடர் சொல்லா அல்லவா என்று முடிவு செய்யும்போது மற்றவர்களைவிடக் குறைவாகவே பொருளை நாடுகிறார்கள் என்று கண்டது. எழுத்துக்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருந்தாலும் அவர்கள் விரைவாக அடையாளம் காண்கிறார்கள். எங்கள் அச்சுக்கோப்பாளர் சொன்னதும் இதையே. அவர்கள் வாசிப்பதில்லை, பார்க்கிறார்கள்.

ஆகவே பெற்றோருக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் ஆங்கிலம் வளரும் என்று எண்ணி அவனை இந்த விளையாட்டுக்கு அனுப்பாதீர்கள். எழுத்துக்கூட்டல் திருந்தும், பேச்சும் கட்டுரையும் அதனால் வளர்ந்துவிடா. அதேபோல, ஆங்கிலம் வளரவில்லை என்று சொல்லி அதை நிறுத்தவும் செய்யாதீர்கள். சதுரங்கம் ஆடும் பிள்ளையிடம் குதிரைக்கு என்ன தீனி என்று யாரும் கேட்பதில்லை. ஏறத்தாழ இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் சொற்களைக் கொண்ட கொலின்ஸ் பட்டியலில் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவன் தானாக ஒழுங்குகளைத் தேடிக் கொப்பி போடுகிறான் என்றால், எங்கள் ரியூசன் வகுப்புகள் எதுவும் கற்பிக்காத ஒன்றை அவன் கற்றுக்கொண்டிருக்கிறான்.

இந்த இடத்தில் கொப்பியை மூடியிருந்தால் கட்டுரையும் இங்கே முடிந்திருக்கும். கடைசிப் பக்கங்களில் ஒன்றில் ஐ, ஏ, எச் என்று முடியும் சொற்கள் இருந்தன. அரிய வால் அது. நாலைந்து சொற்களே. அல்லேலூயா என்பதன் ஓரிரு வடிவங்கள். அதற்குக் கீழே 'மெசையா'. அதற்கும் கீழே 'பரையா'.

முன்னைய பக்கங்களில் எங்கள் சொற்கள் சிலவற்றை ஆங்கில வேடத்தில் கண்டு மகிழ்ந்திருந்தேன். கட்டுமரம் ஒன்பதெழுத்தில் இருந்தது. அதிலுள்ள உயிரெழுத்து நான்கும் ஏ. மிளகுத்தண்ணீர் பன்னிரண்டெழுத்து. அணைக்கட்டு 'அனிகட்' ஆக ஆறெழுத்து. ஆனால் இந்தச் சொல்லும் எங்களிடமிருந்து போனதுதான். பறை அறைந்தவர்களின் சமூகப் பெயரை ஐரோப்பியர் கேட்டு, எழுதி, கடைசியில் எவரும் தீண்டாத, எல்லோராலும் விலக்கப்பட்ட ஒருவன் என்ற பொருளில் தங்கள் அகராதியில் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பொருளை அவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் ஊர்களில் பார்த்ததை எழுதிக்கொண்டார்கள்.

எந்த வஞ்சகமும் இன்றி, மூன்றெழுத்துப் பொருத்தம் ஒன்றைத் தவிர வேறெதுவும் கருதாமல், மீட்பரையும் ஒதுக்கப்பட்டவரையும் பேரன் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான்.

நான் என்ன செய்திருந்தேன்? வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை நடத்திய ஆண்டுகளில் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகளில் 'பரையா ஸ்ரேற்' என்ற தொடர் ஓயாமல் வரும். உலகம் ஒதுக்கிவைத்த நாடு என்று பொருள். நான் அதைச் சளைக்காமல் மொழிபெயர்த்தேன். சில சமயம் என் சொந்த ஆங்கிலக் கட்டுரைகளிலும் அழகுக்காகச் சேர்த்தேன். அந்தச் சொல் எங்கிருந்து போனது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்களூர்க் கோயில் வாசல்கள் யாருக்குத் திறக்கவில்லை என்பதும், தேநீர்க்கடைகளில் யாருக்குத் தனிப் போத்தல் என்பதும் நான் கண்ணால் கண்டவை. தெரிந்துகொண்டே எழுதினேன். பேரன் பொருள் தெரியாமல் எழுதினான். பொருள் தெரியாத சொல் சொல்லே அன்று என்று அவனுக்குத் தீர்ப்பு வழங்கியவன் நான்.

ஸ்கிரபிள் உலகமும் இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறது. 2020 இல் வட அமெரிக்க வீரர்களின் சங்கம், மனிதர்களை இழிவுபடுத்தும் 200 க்கு மேற்பட்ட சொற்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டு, வட அமெரிக்காவுக்கு வெளியே விளையாட்டின் உரிமையாளரான மற்றல் நிறுவனம் ஏறத்தாழ 400 சொற்களை நீக்கியது. வீரர்கள் பலர் சினந்தார்கள். பலகையில் சொல்லுக்குப் பொருள் கிடையாது, அது எழுத்துக்களின் வரிசை மட்டுமே என்பது அவர்களுடைய வாதம். இதுவரை நான் இங்கே எழுதியதெல்லாம் அவர்கள் பக்கந்தான். ஆயினும் நீக்கியது சரி என்றே நினைக்கிறேன். கட்டைகளுக்குக் காது இல்லை. ஆனால் பலகைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவர் அந்தச் சொல்லைத் தெருவில் கேட்டு வளர்ந்தவராக இருக்கலாம். எண்ணூறு புள்ளி கிடைத்தாலும் அவர் முகத்துக்கு முன்னால் அதை அடுக்க எனக்கு மனம் வராது. இரண்டு வாதங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று வாசகர் சொன்னால் மறுக்கமாட்டேன்.

பேரன் வந்ததும் கொப்பியை அவன் மேசையில் வைத்து, நான் சொன்னது பிழை என்றேன். வயது போனவர்கள் இப்படிச் சொல்லிக் கேட்டுப் பழகாதவன் போலும். என்னைச் சற்று ஐயத்தோடு பார்த்தான். பிறகு அந்தப் பக்கத்தை விரித்து, இந்த ஒரு சொல்லின் பொருளை மட்டும் நீ அறிந்திருக்க வேண்டும் என்று பறையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். தேநீர்க்கடைப் போத்தலையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டான்.

"எங்கட ஆக்களோ அம்மப்பா அப்பிடிச் செய்தது?"

"ஓம்."

"நீங்களும் அங்க தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

குடித்தேன் என்றேன். கண்ணாடிக் கிளாசில்.

அவன் பென்சிலை எடுத்து அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் ஏதோ எழுதினான். மருமகன் வேலையிலிருந்து வந்தபோது நாங்கள் பலகையை விரித்து ஆடிக்கொண்டிருந்தோம். அவருக்கு நான் விளக்கம் கொடுக்கவேண்டி வந்தது வேறு கதை. இன்னும் முழுதாக உடன்படவில்லை. நான் 94 புள்ளிகளால் தோற்றேன். அவன் வைத்தவற்றுள் இரண்டு சொற்கள் எனக்கும் தெரியாதவை. அகராதி எடுக்க எழுந்தேன்.

"ஆட்டம் முடியட்டும் அம்மப்பா, பிறகு பாப்பம்" என்றான்.